வெறுங்கையோடு திரும்பாதவர்

பாண்டிமீனாவை வழியனுப்பும் விழாவுக்கு வைத்திருந்த பிளெக்ஸில் பாண்டிமீனாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சமயநல்லூர் முக்கில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே, ஆளுயரத்துக்கு மேல் ஜெயபாண்டி கும்பிட்டபடி நின்றார். கழுத்தில் சங்கிலி, கையில் பிரேஸ்லெட், முகத்தில் ஊருக்கே சோறு போட்டவர் மாதிரி ஒரு சிரிப்பு. அவருடைய முழங்கைக்குக் கீழே தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் மீனா. விவரம் தெரியாதவன் பார்த்தால் ஜெயபாண்டிதான் கபடியை விட்டு விலகுகிறார் என்று நினைத்து நிம்மதி அடைந்திருப்பான்.

ஹம்சவேணி ஸ்கூட்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஒரு கல் கிடந்தது. எடுத்திருப்பாள், டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழங்காநத்தத்தில் சொந்தமாகத் தையல் கடை போட்டு, ஆள் வைத்து வேலை வாங்குகிற பொம்பளை, ஊர் விட்டு ஊர் வந்து பிளெக்ஸில் கல்லெறிந்தாள் என்று பேர் வாங்க வேண்டாம் என விட்டுவிட்டாள். அதோடு, அவளுக்குக் கல் போதாது. மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கோபம் அது. ஒரு பிளெக்ஸைக் கிழித்து அதைத் தீர்த்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

கபடிக்கும் ஹம்சவேணிக்கும் முன்னே எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அவள் பிறந்த வீட்டில் விளையாட்டு என்றால் டிவியில் கிரிக்கெட், அதுவும் கரண்ட் இருந்தால். சில வருஷங்களுக்கு முன்னால் வைகைக்கரை மகளிர் கபடி அணிக்கு பனியனும் டவுசரும் தைக்கிற ஆர்டர் அவள் கடைக்கு வந்தது. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. கொடுத்த கையோடு கிளம்பியிருக்க வேண்டியவள், ஒரு நிமிஷம் பார்ப்போமே என்று நின்றாள். இடது மூலையில் குட்டையாக, ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். எதிரணியிலிருந்து மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடி வந்தவள் இவளில் இரண்டு மடங்கு இருப்பாள். அந்தப் பெரியவள் திரும்பப் போன கணத்தில் இந்தக் குட்டை தரையோடு தரையாகப் பாய்ந்து அவளுடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தது பிடித்ததுதான். வந்தவள் இழுத்தாள், உதறினாள், மண்ணில் நீந்தினாள். கால் மட்டும் வரவில்லை. ஹம்சவேணி தன்னை அறியாமல் "விடாதடி" என்று கத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து வெட்கப்பட்டாள். அடுத்த பிடிக்கு வெட்கப்படுவதையும் விட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மதுரையைச் சுற்றி எந்தப் பொட்டலில் மீனா ஆடினாலும் முதல் வரிசையில் ஹம்சவேணி உட்கார்ந்திருப்பாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மடியில் குளுக்கோஸ் டப்பாவும் வாழைப்பழமும். அவளுடைய புருஷன் நாகசுப்பிரமணியன், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற சாது மனுஷன், கல்யாணமான புதிதில்கூடத் தன்னை இவள் இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மீனாவின் வீடு சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக வெள்ளாமை பார்க்கிறார்கள். அந்தத் தெருவில் பேப்பரில் போட்டோ வந்த முதல் ஆள் மீனாதான். அந்தப் பேப்பரைப் பழங்காநத்தத்தில் ஹம்சவேணி தன் கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தாள்.

இவ்வளவு ஆசையையும் கோபமாகத் திருப்பிவிட்டது ஒரே ஒரு மேட்ச். அது ஜெயபாண்டி நடத்திய போட்டி. ஜெயபாண்டிக்கு அரிசி மில் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கல்யாண மண்டபம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, சொந்தமாக ஒரு மகளிர் கபடி அணியும் உண்டு. அரையிறுதியில் அவருடைய அணி மீனாவின் அணியிடம் பின்தங்கியிருந்தது. ஒரு பிடியில் மீனாவின் இடது முழங்கால் உள்பக்கமாக மடங்கி, மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். மீனா எழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் கிடந்தாள். நடுவர் சிவக்குமார் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

அப்போதுதான் ஜெயபாண்டி மேடையிலிருந்து வர்ணனைக்காரரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். "நடிக்காம எந்திரிம்மா. லீடு எடுத்தாச்சுன்னு படுத்துக்கிட்டா எப்படி? டயம் போகுதுல்ல" என்றார். நாலு பக்கமும் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் மீனாவை எழுப்பியது. எழுந்து நின்று, அந்தக் காலோடு மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். வைகைக்கரை ஜெயித்தது. கடைசி விசில் ஊதியதும் நின்ற இடத்திலேயே சரிந்தாள். ஜெயபாண்டியின் கார் மரத்தடியில் சும்மாதான் நின்றது. சிறப்பு விருந்தினர்களுக்கென்று ஒதுக்கிய கார் என்று டிரைவர் சொல்லிவிட்டான். தண்ணீர் கேன் இறக்க வந்த லோடு ஆட்டோவில், காலி கேன்களுக்கு நடுவே, மீனாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஹம்சவேணிதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் மீனா வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்திமா காலேஜ் பக்கம் வரும்போது மட்டும் கண்ணைத் திறந்து, "அக்கா, நான் நடிக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல" என்று கேட்டாள்.

ஜவ்வு கிழிந்த காலோடு ஆடியதால்தான் இவ்வளவு நாசம் என்றார் டாக்டர். முதலிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி ஆடியிருக்கலாம் என்றார். ஆபரேஷன் ஆனது. பயிற்சி ஆனது. இரண்டு தடவை திரும்ப வந்து பார்த்தாள். இரண்டு தடவையும் முழங்கால் பானை மாதிரி வீங்கியது. அந்த வருஷம் அவளை இந்திய அணி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள், மெடலோடு திரும்பினார்கள்.

ஹம்சவேணி மாதாமாதம் அழகர்கோவிலுக்குப் போகிறவள். அதற்குப் பிறகு அவளுடைய வேண்டுதல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பெருமாளிடம் மீனாவின் முழங்காலைக் காப்பாற்றச் சொல்லி வேண்டுவாள். வெளியே வந்து பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் நின்று ஜெயபாண்டியின் முழங்காலைப் பற்றி வேண்டுவாள். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பெருமாள் கேட்கவில்லை. கருப்பனும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. ஜெயபாண்டி நாளொரு மேடையும் பொழுதொரு மாலையுமாகத்தான் இருந்தார்.

இந்தத் தை மாதம் மீனா இனி ஆடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜெயபாண்டிதான். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, மீனாவின் பெயரைச் சொன்னால் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பெண்கள் வருவார்கள். அன்றைக்கு நடக்கிற கபடிப் போட்டியும் சேர்த்து விழாச் செலவு மொத்தமும் தன்னுடையது என்றார். தன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை தருவதாகவும் சொன்னார். மீனா இரண்டுக்கும் சரியென்றாள். ரசிகர்கள் சார்பில் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டபோது, பழங்காநத்தத்து அக்காவைப் பேசச் சொல்லுங்கள் என்று அவளே பெயரும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஹம்சவேணிக்குத் தூக்கமில்லை. ஜெயபாண்டி மேடையில் உட்கார்ந்திருப்பார், மைக் இவள் கையில் இருக்கும், ஊரே கேட்கும். வேறென்ன வேண்டும்? துணி வெட்டும்போதும் காஜா போடும்போதும் பேச்சை மனப்பாடம் செய்தாள். லோடு ஆட்டோவில் தொடங்கி, டாக்டர் சொன்னதில் நிறுத்தி, நடுவே அந்த மைக் பேச்சை ஜெயபாண்டியின் குரலிலேயே சொல்லிக் காட்டுவதாக ஏற்பாடு. நாகசுப்பிரமணியன் முழுதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். இது வாழ்த்துரையா, போலீஸ் கம்ப்ளைன்ட்டா என்று கேட்டார். இரண்டும்தான் என்றாள்.

விழா அன்று காலையில்தான் அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு நேரே மீனாவின் வீட்டுக்குப் போனாள். மீனா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹம்சவேணி காப்பியைக்கூடத் தொடவில்லை. நின்ற வாக்கில் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தாள். கடைசி வரியில் அவளுக்கே கண் கலங்கியது.

மீனா கடைசி வரை கேட்டாள். பிறகு, "இது வேணாம்க்கா" என்றாள். "அவரத் திட்டாதீங்க. புகழுங்க."

ஹம்சவேணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"அந்தக் காலத்துல அவரு பெரிய ரைடராமில்ல, அவரே சொல்லிக்கிருவாரு. அதச் சொல்லுங்க. பாடிப் போனா வெறுங்கையோட திரும்புனதே கிடையாதுன்னு சொல்லுங்க. இன்னைக்கு முதல் ரைடு அவருதான் வரணும்னு ரசிகர்க ஆசப்படுறாங்கன்னு கூப்புடுங்க. அம்புட்டுத்தான். எனக்காக."

பெரிய போட்டிகளில் இது ஒரு சடங்கு. முக்கியமான ஆள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுக்கோட்டைத் தாண்டி, கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு வருவார். பெண்கள் சிலை மாதிரி நின்று தோளைக் காட்டுவார்கள். அவர் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். போட்டோக்காரர் படம் எடுப்பார், கூட்டம் கை தட்டும், அதோடு போட்டி தொடங்கியதாக அர்த்தம். அந்தக் கௌரவத்தையும் அந்த ஆளுக்கே கொடுக்கச் சொல்கிறாளே என்று ஹம்சவேணிக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வேலைக்காகவா என்று கேட்டேவிட்டாள்.

"வேலைய நான் விடுறதா இல்லக்கா. முதல்ல அவரு பேசட்டும், வேலையப் பத்தி மேடையில எல்லாரும் கேக்கச் சொல்லட்டும், அப்புறந்தான் ரைடுன்னு விழாக்காரங்ககிட்ட நான்தான் சொல்லிருக்கேன்" என்றாள் மீனா. வெட்கமோ வருத்தமோ அவள் முகத்தில் இல்லை. நீகேப்பை எடுத்து முழங்காலில் இழுத்து மாட்டத் தொடங்கினாள்.

ஹம்சவேணி வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினாள். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே சௌராஷ்டிரத்தில் திட்டிக்கொண்டு வந்தாள். முதலில் ஜெயபாண்டியை, பிறகு மீனாவை, பரவை தாண்டியதும் தன்னையே. அடிபட்டவளே சமாதானம் ஆகிவிட்டாள், உனக்கென்ன வந்தது? நியாயமான கேள்விதான். ஆனால் அவளுடைய கோபம் நியாயம் பார்க்கிற கோபமாக இல்லை. மீனா மன்னித்தால் மன்னிக்கட்டும், நான் மன்னிக்க மாட்டேன், மைக் என் கையில்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே பொட்டல் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் மேடை, அதற்கு முன்னால் சலித்த செம்மண் கொட்டிய களம், மூன்று பக்கமும் ஜனம். கிராமங்களிலிருந்து பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து குவிந்திருந்தார்கள். மேடையில் ஜெயபாண்டிக்கு ஆறேழு பேர் பொன்னாடை போர்த்தினார்கள். மீனாவுக்கும் ஒன்று போர்த்தினார்கள். ஜெயபாண்டி எழுந்து, தான் கபடிக்குச் செய்த தியாகங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேச்சின் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினார், ஜனம் அதைக் கைதட்டுவதற்கான இடைவெளி என்று எடுத்துக்கொண்டது. கடைசியில், பாண்டிமீனாவுக்குத் தன் பள்ளியில் வேலை, வருகிற ஜூனிலிருந்து, இது இந்த ஜெயபாண்டியின் வாக்கு என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். மேடையில் இருந்த பெரிய மனிதர்களெல்லாம் சாட்சியாகத் தலையாட்டினார்கள். மீனா எழுந்து கும்பிட்டாள். ஹம்சவேணிக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கையில் வயரில்லாத மைக்கைக் கொடுத்தார்கள்.

மேடையில் நின்று கீழே பார்த்தாள். மீனா அதற்குள் இறங்கிப்போய்க் களத்தின் இடது மூலையில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக ஒரே ஒரு ரைடுக்கு மட்டும் நிற்கலாம், ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று டாக்டர் அனுமதித்திருந்தார். அவள் போட்டிருந்தது ஹம்சவேணி அளவெடுத்துத் தைத்த பனியன். வைகைக்கரை அணியின் மற்ற ஆறு பேரும் அவளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஹம்சவேணியின் நாக்கு நுனியில் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஆரம்பித்தால் போதும், நிறுத்த யாராலும் முடியாது. மீனா மேடையை அண்ணாந்து பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. ஆட்டத்தின்போது பக்கத்தில் நிற்பவளுக்கு, நான் சொல்லும்வரை பொறு என்று கண் காட்டுவாளே, அந்தப் பார்வை. அதை எத்தனையோ தடவை முதல் வரிசையிலிருந்து பார்த்திருக்கிறாள் ஹம்சவேணி. தன்னைப் பார்த்து மீனா அப்படிக் கண் காட்டியது இதுதான் முதல் தடவை.

அவள் ரசிகை. ஆட்டக்காரி சொன்னால் கேட்கத்தான் வேண்டும். மனப்பாடம் செய்த பேச்சை அப்படியே விழுங்கினாள்.

பிறகு புகழ்ந்தாள். ஜெயபாண்டி அண்ணன் இல்லையென்றால் இந்த ஜில்லாவில் கபடியே இல்லை என்றாள். அந்தக் காலத்தில் அவர் பாடிப் போனால் எதிரணியில் பாதிப்பேர் தானாகவே வெளியே போய்விடுவார்களாம் என்றாள். ஜெயபாண்டி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் அவருக்குப் புதுச் செருப்பு மாதிரி, காலில் நிற்கவில்லை, உடனே நிமிர்ந்துவிட்டார். "போன இடத்துலருந்து அண்ணன் வெறுங்கையோட திரும்புனதா சரித்திரமே இல்ல. இன்னைக்கு மீனாவையே தொட்டுட்டு வருவாரு பாருங்க" என்று ஹம்சவேணி முடித்தாள். கடைசி வாக்கியம் அவளாகச் சேர்த்தது. ஏன் சேர்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விசில் பறந்தது. ஜெயபாண்டி பொன்னாடைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார்.

களத்தில் இறங்கி, நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிவக்குமார் விசிலை வாயில் வைத்தார். மீனா அடிபட்ட அன்றைக்கு விசிலடித்து நிறுத்திய ஆட்டத்தை ஜெயபாண்டியின் கண்ஜாடைக்குப் பயந்து மறுபடி தொடங்கியவரும் இவர்தான். விசில் ஊதியது. ஜெயபாண்டி, கபடி கபடி கபடி என்று கணீரென்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். போட்டோக்காரர் மண்டியிட்டார்.

நேர் எதிரே நின்றவள் ராமக்காள். ஜெயபாண்டி அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். ராமக்காள் சிரித்த முகத்தோடு ஒரு சாண் பின்னால் போனாள். ஜெயபாண்டி இன்னும் எட்டினார். அவள் இன்னும் ஒரு சாண் போனாள். சரி, இவள் கூச்சப்படுகிறாள் என்று பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார். அவளும் மரியாதையாக ஒதுங்கினாள். மேடைப் பக்கம் நின்றவளும் ஒதுங்கினாள். யாரும் ஓடவில்லை, யாரும் அவர்மேல் விரல்கூட வைக்கவில்லை. பெரியவர் வருகிறார், வழிவிடுகிறோம் என்பது போல அத்தனை பேரும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு விலகி விலகிப் போனார்கள்.

கூட்டத்துக்குப் புரிய நேரமாகவில்லை. முதலில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கிளுகிளுப்பு கிளம்பியது. கபடி கபடி என்பது கபிடி கபிடி என்று தேய்ந்தது. ஒரு கை மடித்த வேட்டியைப் பிடித்திருந்ததால் ஜெயபாண்டிக்குத் தொடுவதற்கு ஒரே ஒரு கைதான் மிச்சம். அதை நீட்டிக்கொண்டு வலது மூலைக்குப் போனார், நடுவுக்கு வந்தார், மறுபடி வலது மூலைக்குப் போனார். புத்திசாலியாக இருந்தால் அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பத்தான் பார்த்தார். நடுக்கோட்டுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்ததும் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, "என்னய்யா, வெறுங்கையோடயா போற?" என்றாள். அவ்வளவுதான். ஜெயபாண்டி அப்படியே திரும்பினார்.

மேடை ஓரத்தில் மைக்கோடு நின்ற ஹம்சவேணிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. காலையில் கட்டிலில் உட்கார்ந்து மீனா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எதற்கென்று இப்போது விளங்கியது. வேலையை ஏன் முதலில் அறிவிக்கச் சொன்னாள், புகழச் சொன்னது ஏன், அந்த வெறுங்கை எதற்கு. அடிப்பாவி, மூன்று வருஷமாக நான்தான் கோபப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. உன் கோபத்துக்கு முன்னால் என் கோபம் சும்மா பால் பொங்குகிற மாதிரியல்லவா இருந்திருக்கிறது என்று நினைத்தாள். மேடையில் நிற்க முடியவில்லை. படியிறங்கிக் களத்து ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

ஜெயபாண்டி சுற்றிலும் பார்த்தார். ஏழு பேரில் ஆறு பேர் நகரக்கூடியவர்கள். ஒருத்தியால் நகர முடியாது. அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? முகத்தில் வியர்வை வழிய, அவர் நேராக இடது மூலைக்கு நடந்தார்.

கூட்டத்தின் சிரிப்பு நின்றுபோனது. ஓட முடியாதவளைத் தேடிப் போகிறான் பார் என்று ஹம்சவேணிக்குப் பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். மீனாவின் முதுகுக்குப் பின்னால் எல்லைக்கோடு, ஒரு அடிகூட இல்லை. காலைப் பின்னால் வைத்தால் கோட்டைத் தாண்டிவிடுவாள். பக்கவாட்டில் தாவினால் அந்த முழங்கால் தாங்காது. ஹம்சவேணி கருப்பனைக் கூப்பிட்டாள், பெருமாளைக் கூப்பிட்டாள், யார் வந்தாலும் சரியென்று இருந்தது.

மீனா அசையவில்லை. அவள் ஜெயபாண்டியின் கையைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் நிற்கிறவர்கள் பாடி வருகிறவர்களின் மூச்சைத்தான் பார்ப்பார்கள். எப்போது தீரும், எப்போது திரும்புவார்கள் என்பது அங்கேதான் தெரியும். ஒரு வரிக்கு ஒரு தடவை மைக் முன்னால் மூச்சு வாங்குகிற மனுஷனின் நெஞ்சை அவள் எத்தனை மேடையில் பார்த்திருப்பாளோ தெரியாது. கை நெருங்கியது. கபிடி, கபி, என்றது வாய். விரல் நுனிக்கும் அவளுடைய தோளுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது, க என்று ஒரு சத்தம் வந்து, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஜெயபாண்டி வாயைத் திறந்து பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் கை மீனாவின் தோளில் விழுந்தது.

விசில் ஊதியது. சிவக்குமார் நீளமாக ஊதினார், தேவைக்கு மேலேயே ஊதினார்.

"தொட்டுட்டேன்" என்றார் ஜெயபாண்டி, இளைப்புக்கு நடுவே.

"பாட்டு விட்டுருச்சுண்ணே. அவுட்டு" என்றார் சிவக்குமார். அந்த வார்த்தையை மூன்று வருஷமாக வாயிலேயே வைத்திருந்தவர் மாதிரி இருந்தது.

ஜெயபாண்டி சிரிக்கப் பார்த்தார். இதெல்லாம் சும்மா ஒரு தொடக்கம்தானே, இதுக்கெல்லாம் யாராவது அவுட் கொடுப்பார்களா என்று சுற்றி நின்றவர்களிடம் கேட்டார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மீனாவின் தோளில் இருந்த கையை எடுக்காமல், அவளே சொல்லட்டும் என்பது போல அவளைப் பார்த்தார். வேலை கொடுத்தவரல்லவா?

மீனா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கி விட்டாள். ஹம்சவேணி கோட்டோரம் நின்றபடியே மைக்கை நீட்டினாள்.

"ஆட்டம்னா ஆட்டந்தாண்ணே" என்றாள் மீனா. நாலு பக்கமும் ஸ்பீக்கரில் கேட்டது. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "அவுட்டானவுங்க உள்ள நிக்கக் கூடாது. வெளிய போயி உக்காருங்க."

பொட்டலே சிரித்தது. கிழவிகள் சிரித்தார்கள், ஷேர் ஆட்டோவில் வந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெயபாண்டி மேடைப் படியைப் பார்த்து நடந்தார். அந்தப் பக்கம் இல்லை தலைவரே, அவுட்டானவர்களுக்கு இந்தப் பக்கம் என்று ஜனமே கை காட்டியது. களத்தின் ஓரத்தில் வெளியேறியவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில், மண் ஒட்டிய வேட்டியோடு, தன் செலவில் நடக்கிற விழாவில் தனியாகப் போய் உட்கார்ந்தார். பாவமாக இருந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். ஹம்சவேணிக்கு ஒரு துளிகூடப் பாவமாக இல்லை. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம்.

பாயிண்ட் எழுதுகிற போர்டு பக்கம் சாக்பீஸோடு நின்றவர் இதையெல்லாம் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். தொடக்க ரைடுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. மீனா ஒற்றைக் காலில் கனத்தைப் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து நகராமல் அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்குவது இப்போதுதான் தெரிந்தது.

ஹம்சவேணி மைக்கை வாய்க்கு நேரே கொண்டு வந்தாள்.

"வைகைக்கரைக்கு ஒரு பாயிண்ட். எடுத்தது பாண்டிமீனா. எழுதுங்கண்ணே" என்றாள்.

அவர் எழுதினார்.